வீட்டு வைஃபை வேகம் குறைகிறதா? கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறும் முன் சரிபார்க்க வேண்டியவை

நூறு எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்தியும் காணொலி பாதியில் நிற்கிறது. பிள்ளைகளின் இணையவழித் தேர்வுக்கு நடுவே இணைப்பு துண்டிக்கப்படுகிறது. இத்தகைய வேளையில், கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறினால் சிக்கல் தீரும் எனப் பலரும் கருதுகின்றனர். ஆனால், தடை ரவுட்டரிலோ வீட்டுக்குள்ளேயோ இருந்தால், எவ்வளவு கட்டணம் செலுத்தினாலும் வேகம் கூடாது. எனவே, தடை எங்கே உள்ளது என்பதை முதலில் கண்டறிய வேண்டும்.

முதலில் வேகத்தை அளவிடுங்கள்

சேவை நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட் அளவில் கூறுகின்றன. பதிவிறக்கத்தின்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட் அளவு. 8 பிட்கள் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட் மட்டுமே பதிவிறங்கும். இது குறைபாடு அன்று.

மற்ற சாதனங்களின் இணைப்பை நிறுத்திவிட்டு, மடிக்கணினியை லேன் கேபிள் மூலம் ரவுட்டருடன் நேரடியாக இணைத்து வேகத்தைச் சோதிக்க வேண்டும். விபிஎன் செயலி இயங்கினால் அதை அணைத்துவிட வேண்டும். பின்னர் அதே இடத்தில் வைஃபை மூலமும், வழக்கமாகப் பயன்படுத்தும் அறையிலும் சோதிக்கலாம். காலை, இரவு என இரு வேளைகளிலும் அளவிட்டு, முடிவுகளைக் குறித்துவைப்பது நல்லது.

கேபிளில் வேகம் சரியாக இருந்து வைஃபையில் குறைந்தால், தடை வீட்டுக்குள் உள்ளது. கேபிளிலும் குறைந்தால், இணைப்பிலோ திட்டத்திலோ ரவுட்டரிலோ சிக்கல் உள்ளது. ஒரே ஒரு கைபேசியில் மட்டும் குறைந்தால், அந்தக் கைபேசியைத்தான் கவனிக்க வேண்டும்.

கேபிளிலும் வேகம் குறைந்தால்

திட்டம் 200 அல்லது 300 எம்பிபிஎஸ் ஆக இருந்தும், சோதனை முடிவு 95 எம்பிபிஎஸ் அளவைத் தாண்டாமல் நின்றால், ரவுட்டரின் லேன் துளை 100 எம்பிபிஎஸ் வரை மட்டுமே தாங்கும் பழைய வகையாக இருக்கலாம். கேபிளுக்குள் உள்ள நான்கு இணைக் கம்பிகளில் ஒன்று அறுந்திருந்தாலும் வேகம் இந்த அளவிலேயே நின்றுவிடும். கேட் 5இ அல்லது அதற்கு மேற்பட்ட தரமுள்ள கேபிளை மாற்றிப் பார்க்கலாம்.

'வரம்பற்ற' திட்டங்கள் பலவற்றிலும் நியாயமான பயன்பாட்டு வரம்பு உண்டு. அந்த அளவைத் தாண்டினால், மாத இறுதி வரை வேகம் குறைக்கப்படும். இதைச் சேவை நிறுவனத்தின் செயலியில் சரிபார்க்கலாம். இரவில் மட்டும் வேகம் சரிந்தால், அப்பகுதியின் இணைப்பில் நெரிசல் இருக்க வாய்ப்புண்டு. ஃபைபர் மோடத்தில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக ஒளிர்ந்தால், இழையில் கோளாறு உள்ளது; அதை நிறுவனப் பணியாளர்தான் சீரமைக்க முடியும்.

வைஃபையில் மட்டும் வேகம் குறைந்தால்

ரவுட்டரைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னாலோ, இரும்பு பீரோவுக்கு அருகிலோ, பரணிலோ வைப்பது அலைகளைத் தடுக்கும். உலோகமும் தண்ணீரும் கான்கிரீட் சுவரும் சமிக்ஞையை வெகுவாகக் குறைப்பவை. வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து உயரமாக, திறந்த இடத்தில் வைப்பதே சிறந்தது.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தொலைவு செல்லும். ஆனால் மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத் கருவிகள், அண்டை வீடுகளின் ரவுட்டர்கள் ஆகியவற்றின் இடையூறு அதில் அதிகம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில், ஒன்றுடன் ஒன்று மோதாத 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் சுவர்களைக் கடக்கும் திறன் குறைவு. ரவுட்டர் உள்ள அறையில் 5 ஜிகாஹெர்ட்ஸையும், தொலைவான அறைகளில் 2.4 ஜிகாஹெர்ட்ஸையும் பயன்படுத்துவது ஏற்றது.

மறுதொடக்கம் வேறு, ரீசெட் வேறு

மின் இணைப்பைத் துண்டித்து, அரை நிமிடம் கழித்து மீண்டும் இயக்குவது மறுதொடக்கம். இதனால் அமைப்புகள் அழியாது. ஆனால், பின்புறமுள்ள சிறு துளையில் ஊசியால் அழுத்தும் ரீசெட், சேவை நிறுவனம் பதிந்து தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அழித்துவிடக்கூடும். அவ்விவரங்கள் கையில் இல்லாமல் இதைச் செய்தால் இணைப்பு முற்றிலும் நின்றுபோகும். ரவுட்டர் தானாக அடிக்கடி அணைந்து இயங்கினால், பழுதான அடாப்டரும் காரணமாக இருக்கலாம். மாற்று அடாப்டரின் வோல்ட் அளவு, ரவுட்டரில் குறிக்கப்பட்டதற்குச் சமமாக இருக்க வேண்டும்.

அறியாத சாதனங்கள்

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில், இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலைக் காணலாம். அறியாத சாதனம் இருந்தால், வைஃபை கடவுச்சொல்லுடன் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். 2016-ஆம் ஆண்டு பரவிய மிராய் என்ற தீநிரல், ஆலையில் அமைத்த கடவுச்சொல் மாற்றப்படாத ரவுட்டர்களையும் கேமராக்களையுமே கைப்பற்றியது. ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்து வைப்பதும் அவசியம்.

புகார் அளிப்பது எப்படி?

பிராட்பேண்ட் எனக் கூறுவதற்கான குறைந்தபட்சப் பதிவிறக்க வேகத்தை, 512 கேபிபிஎஸ் அளவிலிருந்து 2 எம்பிபிஎஸ் ஆக 2023-ஆம் ஆண்டு மத்திய அரசு உயர்த்தியது. எனினும், வாடிக்கையாளர் கேட்டுப் பெற வேண்டியது, தாம் கட்டணம் செலுத்தும் திட்டத்தின் வேகத்தையே.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி, முதலில் சேவை நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து, புகார் எண்ணைப் பெற வேண்டும். தீர்வு கிடைக்காவிடில், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பை நாடலாம். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் தொடர்புகொள்ளலாம்.

புகார் அளிக்கும்போது, கேபிள் வழியாக எடுத்த சோதனை முடிவுகளைத் தேதி, நேரத்துடன் இணைப்பது பயன்தரும். வைஃபை வழியாக எடுத்த அளவை மட்டும் காட்டினால், குறை வீட்டுக்குள் உள்ளது என நிறுவனம் மறுக்க இடமுண்டு.