மெர்போக்கில் ஒரு காலை நடை

பூஜாங் பள்ளத்தாக்குக்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது நாம் பெரும்பாலும் அருங்காட்சியகத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு அன்றே பஸ் ஏறிவிடுகிறோம். முடிந்தால் மெர்போக் பக்கம் ஒரு கம்பத்து விடுதியில் ஓர் இரவு தங்குங்கள். வெயில் ஏறும் முன் நடந்தால்தான் அந்த இடம் புரியும்.

அங்கே எங்கே நின்றாலும் ஜெராய் மலை கண்ணில் படும். உயரம் 1,217 மீட்டர். வங்கக் கடலைத் தாண்டி வந்த கப்பல்களுக்கு அதுதான் அடையாளம். அதைப் பார்த்து மெர்போக் ஆற்று முகத்துக்குள் நுழைந்தார்கள். நம்மவர்கள் கடாரம் என்றது இந்த வட்டாரத்தைத்தான்.

அருங்காட்சியகத்துக்கு மேலே, ஓடைக் கரையில் புக்கிட் பத்து பகாட் சண்டி இருக்கிறது. குவாரிட்ச் வேல்ஸ் 1936–37இல் அகழ்ந்தார். அலஸ்டர் லேம்ப் 1959–60இல் மீண்டும் எழுப்பினார். விமானம், மண்டபம் என்ற அமைப்பு நம் பிள்ளைகளுக்குப் பழக்கமானதுதான். ஆனால் அங்கே ஒரு பையன், "சார், கூரை எங்க?" என்று கேட்டான். நல்ல கேள்வி! மண்டபத்தில் கல் பீடங்கள் மட்டும்தான் மிச்சம். அவற்றின்மேல் நின்றவை மரத்தூண்கள், கூரையும் மரம்தான். இந்த மழைக்கும் கறையானுக்கும் தாங்குமா? தஞ்சாவூர்க் கோயிலை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இந்திய அமைப்பை இந்த ஊர்க் கல்லிலும் மரத்திலும் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிக் காட்டினால் பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

கீழே வளாகத்தில் உள்ள பெண்டியாட், பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங் சண்டிகள் வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. இதை மறக்காமல் சொல்லுங்கள். பெங்காலான் என்றாலே படகுத்துறை. அங்கே சீனப் பீங்கான் துண்டுகளும் மணிகளும் கிடைத்தன. ஆற்றங்கரையிலிருந்து பிரித்துவிட்டால் அந்தச் செங்கல் அடித்தளம் வெறும் செங்கல்தான்.

பெயர்த்து வைத்ததாவது மிஞ்சியது. சுங்கை பத்துவில் தனியார் நிலத்தில் இருந்த 11ஆம் எண் சண்டியை 2013இல் நில மேம்பாட்டு வேலையில் இடித்துவிட்டார்கள். அது அரசிதழில் பதிவாகாத இடம். செய்தி வெளிவந்தபோது மண் தள்ளும் வேலை முடிந்திருந்தது.

வகுப்பில் நாம் 1025இல் ராஜேந்திரன் கடாரம் கொண்டதை மட்டும் குரல் உயர்த்திச் சொல்லுகிறோம். அதற்குச் சுமார் 20 ஆண்டுகளுக்கு முன் கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுப்பினார். அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். படையெடுப்புக்கு முன்பே போக்குவரத்து இருந்தது, இரண்டு பக்கமும்.

போகும்போது ஆளுக்கு ஒரு தாள் கொடுங்கள்: எது இருந்த இடத்தில் இருக்கிறது, எது பெயர்த்து வந்தது, எது இப்போது இல்லை. மூன்றாவது கட்டத்தை நிரப்பும்போதுதான் எங்கள் பிள்ளைகள் அதிகம் பேசினார்கள்.