பட்டையும் துணியும்: பாக் நீரிணை வணிகத்தில் கறுவா

முன்னுரை

முத்துப்பேட்டையின் அலையாத்திக் காட்டை ஒட்டிய உவர்நிலத்தில் கறுவா மரம் வளர்வதில்லை. உப்புநீர் ஏறி இறங்கும் வண்டல் மண் அதற்கு ஒவ்வாது. ஆயினும் அவ்வூரார் ஆக்கும் நெய்ச்சோற்றுக்கும் பிரியாணிக்கும் பட்டையின் மணம் இன்றியமையாதது. விளையாத பொருள் ஓர் ஊரின் அடுக்களையில் நிலைபெறக் காரணம் வணிகமே. கறுவாவின் வரலாறு பெரும்பாலும் போர்த்துக்கேயர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோரின் போட்டியாகவே சொல்லப்பட்டு வருகிறது. அப்போட்டிக்கு முன்பே தமிழகக் கரைக்கும் இலங்கைக்கும் இடையே துணியும் பட்டையும் கைமாறின. ஐரோப்பியர் தம் பிடிக்குள் கொண்டுவர முயன்றது மரத்தை மட்டுமன்று. அதை உரிக்கும் கைகளையும்தான். இவ்விரு கருத்துகளையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மரமும் பெயரும்

இலங்கையையும் மேற்குத் தொடர்ச்சி மலையையும் தாயகமாகக் கொண்ட கறுவா, எப்போதும் இலை தழைத்து நிற்கும் மரமாகும். தாவரவியலார் இதனைச் சின்னமோமம் வேரம் என்பர். ஈழத்தமிழில் கறுவா என வழங்கும் இது தமிழகத்தில் இலவங்கப்பட்டை என்றும், சுருக்கமாகப் பட்டை என்றும் வழங்குகிறது. இலவங்கம் என்னும் சொல் கிராம்பையும் குறிக்கும். ஆகவே பழைய மருத்துவ நூல்களிலும் வணிகக் கணக்குகளிலும் அச்சொல் வருமிடத்து, எப்பொருள் சுட்டப்படுகிறது என்பதைச் சூழல் கொண்டே துணிய வேண்டும். இன்றைய மளிகைக் கடைகளில் பட்டை என்ற பெயரில் கிடைப்பதில் பெரும்பகுதி, கறுவாவின் இனமான காசியா மரத்தின் தடித்த பட்டையாகும். மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டு, கையால் நொறுக்கத்தக்கதாக இருப்பதே இலங்கைக் கறுவா. கடைக்காரர் அதனைச் சுருள்பட்டை என்பர்.

உரிப்போர் கைத்திறன்

தானே வளர விட்டால் கறுவா 10 மீட்டருக்கு மேலும் உயரும். பயிரிடுவோர் அதனை அடியோடு வெட்டிப் புதராகத் தழைக்கச் செய்வர். ஏறத்தாழ இரண்டு ஆண்டு வளர்ந்த கொம்புகளை, பட்டை எளிதில் கழலும் மழைக்காலத்தில் வெட்டுவர். மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் தேய்த்து, உட்பட்டையைக் கீறி உரிப்பர். உரித்த துண்டுகளை ஒன்றனுள் ஒன்றாகச் செருகி நிழலில் உலர்த்துவர். கத்தி சற்று ஆழப் பதிந்தால் பட்டை கிழிந்து தரம் குறையும். பொருளின் விலையைத் தீர்மானிப்பதில் மண்ணுக்கும் மழைக்கும் உள்ள அளவு பங்கு இக்கைத்திறனுக்கும் உண்டு.

துணிக்கு ஈடாகப் பட்டை

1344இல் இலங்கையை அடைந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா, புத்தளக் கரையில் கறுவாக் கட்டைகள் குன்றுபோல் குவிந்து கிடந்ததைக் குறித்துள்ளார். மஅபர், மலபார் ஆகிய கரைகளைச் சேர்ந்தோர் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்றனர் என்றும், அதற்கு ஈடாக அரசருக்குத் துணி முதலியவற்றை வழங்கினர் என்றும் அவர் எழுதுகிறார். மஅபர் என்பது தமிழகத்தின் கிழக்குக் கரைக்கு அரபியர் இட்ட பெயராகும். இக்குறிப்பிலிருந்து இரு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, அக்காலத்தில் கறுவா தனி ஒருவரின் ஏகபோகமாக இல்லை. இரண்டாவது, தமிழகக் கரை கறுவாவைப் பெற்றது பொன்னால் அன்று, தறியால்.

ஏகபோகமும் கட்டாய உழைப்பும்

1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர், கோட்டை மன்னரிடமிருந்து கறுவாவைத் திறையாகப் பெற்றனர். 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1658இல் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் வென்றது. இவ்விரு துறைகளுக்கும் இடைப்பட்ட கடற்பரப்பை ஒட்டியே முத்துப்பேட்டை அமைந்துள்ளது. நீரிணையின் இரு கரைகளிலும் காலூன்றிய கம்பெனி, சோழமண்டலத் துணியையும் அரிசியையும் இலங்கைக்குக் கொண்டுசென்றது. கறுவாவோ கம்பெனியின் கப்பல்களில் ஐரோப்பாவுக்குச் சென்றது. இசைவின்றிக் கறுவாவை உரிப்போருக்கும் விற்போருக்கும் மரண தண்டனை விதிக்கச் சட்டம் இடமளித்தது. இப்னு பதூதா கண்ட பண்டமாற்று இவ்வாறு சட்டத்தால் குற்றமாயிற்று.

உரிக்கும் கடமை சலாகம சமூகத்தின் மீது சுமத்தப்பட்டது. தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த நெசவாளரே தம் முன்னோர் என்பது அச்சமூகத்தின் மரபுச் செய்தி. அது முழுதும் நிறுவப்பட்டதன்று. எனினும் சாலியர் என்னும் தமிழக நெசவாளர் பெயரோடு அதன் ஒலியொப்புமை ஆய்வாளர் கவனத்தை ஈர்த்துள்ளது. அம்மரபு உண்மையாயின், பட்டைக்கு ஈடாகத் துணி நெய்த கைகளே பின்னர்ப் பட்டையை உரிக்கப் பணிக்கப்பட்டன எனலாம். மகாபத்த என்னும் கறுவாத் துறையின் கீழ் ஒவ்வோர் ஆடவனும் ஆண்டுதோறும் குறித்த எடை செலுத்த வேண்டியிருந்தது. உரிப்போர் மாதக்கணக்கில் காடுகளில் தங்கினர். சுமை தாங்காமல் கண்டி அரசின் எல்லைக்குள் ஓடியோரும், பிள்ளைகளை வேறு சாதியினராகப் பதிவு செய்ய முயன்றோரும் உண்டு. 1760இல் அவர்களது எதிர்ப்பு கிளர்ச்சியாக வெடித்தது. கண்டியுடனான போர் 1766 உடன்படிக்கையோடு முடிந்தது.

காட்டிலிருந்து தோட்டத்திற்கு

அதுவரை கறுவா பெரும்பாலும் காட்டிலிருந்தே உரிக்கப்பட்டது. ஆளுநர் இமான் வில்லெம் ஃபால்க் 1769இல் கொழும்பு மருதானையில் தோட்டப் பயிரைத் தொடங்கினார். இதனை வேளாண் முன்னேற்றமாக மட்டும் கொள்வது பொருந்தாது. கண்டிக் காடுகளை நம்பியிருந்த நிலையிலிருந்தும், உரிப்போர் தப்பியோடும் வாய்ப்பிலிருந்தும் கம்பெனி விடுபட மேற்கொண்ட வழியாகவும் அது அமைந்தது. 1796இல் கரையோரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1833இல் ஏகபோகம் நீக்கப்பட்டபோது மலிவான காசியா சந்தையில் கறுவாவோடு போட்டியிட்டது. கொழும்பின் கறுவாத்தோட்டம் இன்று செல்வர் வாழும் குடியிருப்பு. பயிர் மறைந்து பெயர் மட்டும் எஞ்சியுள்ளது.

முடிவுரை

கறுவாவின் வரலாற்றில் மரத்தின் தாயகம் மாறவில்லை. அதைப் பெறும் வழியே மாறியது. 14ஆம் நூற்றாண்டில் துணியால் பெற்றதை 17ஆம் நூற்றாண்டில் கட்டாய உழைப்பால் பெற்றனர். தோட்டம் வந்த பின்னும் உரிக்கும் திறனுக்கு மாற்று அமையவில்லை. திறன்மிக்க உரிப்போர் பற்றாக்குறை இலங்கைக் கறுவாத் தொழிலின் இன்றைய இடர்களுள் ஒன்று. இலங்கைப் பக்கத்து ஆவணங்கள் மிகுதியாக ஆராயப்பட்டுள்ளன. அவற்றோடு நாகப்பட்டினத்து டச்சு ஆவணங்களையும் தஞ்சை மராட்டியர் கால மோடி ஆவணங்களையும் துணி, அரிசி வணிக நோக்கில் இணைத்து வாசித்தல் வேண்டும். அவ்வாசிப்பு, காவிரிப் படுகையின் நெசவாளரையும் உழவரையும் கறுவா வரலாற்றின் பங்காளிகளாகக் காண வழிவகுக்கும்.