எடிட்டர் வேலை: இரண்டு நேர்காணல்கள்

சென்னையில் ‘எடிட்டர் தேவை’ என்று விளம்பரம் கொடுப்பவர்கள் இரண்டு வகை. வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆங்கில ஆய்விதழ்களையும் பாடநூல்களையும் திருத்திக்கொடுக்கும் நிறுவனங்கள் ஒரு வகை. புதுச்சேரியிலும் இவை உண்டு. கதை, கட்டுரை, மொழிபெயர்ப்பு என்று தமிழ் நூல்களை வெளியிடும் பதிப்பகங்கள் மற்றொரு வகை. பதவியின் பெயர் ஒன்றுதான். ஆள் எடுக்கும் விதம் வேறு.

ஆங்கில நிறுவனத்தில் எழுத்துத் தேர்வுக்குத்தான் முதலிடம். பிழைகள் மலிந்த சில பக்கங்களைக் கொடுத்து, நேரமும் குறித்துவிடுவார்கள். எழுத்துக்கூட்டல் பிரிட்டிஷ் முறையா அமெரிக்க முறையா, அட்டவணையில் உள்ள எண்ணும் பத்தியில் உள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா, துணைநூற்பட்டியல் ஏபிஏ முறைப்படி இருக்கிறதா, வான்கூவர் முறைப்படியா என்றெல்லாம் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் தீர்த்துவைக்க, 1906 முதல் பதிப்புகள் கண்டுவரும் சிகாகோ கையேடு போன்ற விதிநூல்கள் இருக்கின்றன. வேதியியல் படித்தவரையும் ஆங்கில இலக்கியம் படித்தவரையும் ஒரே வினாத்தாள் அளக்கிறது. சிபாரிசு அங்கே அதிகம் செல்லாது.

தமிழ்ப் பதிப்பகத்தில் பெரும்பாலும் பேச்சுதான் தேர்வு. ‘இப்போது என்ன படிக்கிறீர்கள்?’ என்று தொடங்கும். இதை வெறும் குசலவிசாரிப்பு என்று ஒதுக்க முடியாது. ஒற்று எங்கே மிகும், ‘சொல்லிக்கொண்டிருந்தான்’ என்பதைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதில் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் நடைமுறை மாறும். 1992இல் ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ வந்தபின் சொற்களுக்கு நம்பகமான சான்று கிடைத்தது. ஆனால் கரிசல்காட்டுப் பாத்திரத்தின் பேச்சில் எது பிழை, எது வழக்கு என்ற தீர்ப்பை அகராதியிடம் மட்டும் விட்டுவிட முடியாது. நிறையப் படித்தவருக்கே அது பிடிபடும்.

வழி வேறானாலும் இரு தரப்பும் தேடுவது ஒரே குணத்தை: கை வைக்கக் கூடாத இடம் இவருக்குத் தெரியுமா? ஆய்வுக் கட்டுரையில் மருந்தின் அளவு தவறாகத் தோன்றினால், தானாக மாற்றாமல் ஆசிரியருக்குக் கேள்வி எழுதி அனுப்புபவரே தேறுவார். நாவலில் ஓர் அத்தியாயம் தொய்ந்தால், அதை எழுத்தாளரிடம் மனம் நோகாமல் சொல்லத் தெரிந்தவரே தேறுவார்.

குறைகளும் இரு பக்கமும் உண்டு. ஆங்கில நிறுவனத்தின் தேர்வு கண்ணையும் வேகத்தையும் அளக்கும், ரசனையைக் கேட்காது. மணிக்கு எத்தனை பக்கம் என்பதே அடுத்த கேள்வி. தமிழ்ப் பதிப்பகத்திலோ நன்றாகப் பேசுபவர் ஜெயித்துவிடுவார். இலக்கியம் பேசி வேலைக்குச் சேர்ந்தவர், ஜனவரி புத்தகக் காட்சிக்கு முந்தைய நெருக்கடியில் மெய்ப்பு மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார். சம்பளப் பேச்சு கடைசியில், அதுவும் மென்று விழுங்கியபடி வரும்.

இரண்டையும் எடைபோட்டால், மாற வேண்டிய அவசரம் தமிழ்ப் பக்கம்தான் அதிகம். பேசிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், பத்துப் பக்கத்தையும் ஒரு பேனாவையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். தங்கள் நடைமுறைகளை எழுதிவைக்க வேண்டும். சம்பளத்தை முதலிலேயே சொல்ல வேண்டும். நேர்காணலுக்குப் போகிறவரும் கூச்சப்படாமல் ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது: “எனக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலையா, பிரதியைச் செம்மையாக்கும் வேலையா?”