இரண்டு வீட்டாருக்குக் கொடுத்த வாக்கு

போன மாதம் எங்கள் தெரு அக்கா ஒருவர் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய்விட்டு முகம் சிவந்து திரும்பி வந்தார். காரைக்குடிப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. பெயர் வேண்டாம். பெண்பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று கேட்டிருக்கிறார். "பள்ளிக்கூடத்தோட பேரைக் கெடுக்கத்தான் வந்தீங்களா? உங்க பிள்ளை படிப்பை மட்டும் பாருங்க" என்று பதில் வந்திருக்கிறது. அவர் கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை. கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

"கேக்குறதுக்குத்தானே தம்பி குழுவுல போட்டாங்க?" என்றார்.

நியாயமான கேள்விதான். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ம் பிரிவு, குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்கணும், பாதிப் பேர் பெண்களாக இருக்கணும் என்கிறது. பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது அந்தக் குழுவின் வேலை. ஆக, அந்த அக்கா கேட்டது குறை இல்லை, சட்டம் அவருக்குக் கொடுத்த வேலை.

அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது 100 வருஷத்துக்கு முந்தைய ஒரு பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. அது சிவகங்கைச் சீமையில் இல்லை, திருநெல்வேலிப் பக்கம் சேரன்மாதேவியில் இருந்தது. ஆனால் அதற்குப் போன பணத்தில் நம்ம செட்டிநாட்டுப் பணமும் உண்டு. அந்தக் கதையை அரசியல் வரலாறாகத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். காங்கிரஸ் உடைந்தது, பெரியார் வெளியேறினார், திராவிட இயக்கம் எழுந்தது என்று போகும். நான் அதைப் பெற்றோருக்கும் பள்ளித் தலைமைக்கும் நடந்த வழக்காகப் படித்துப் பார்க்கிறேன்.

வ.வே.சு. ஐயரைத் தெரியாதவர்களுக்காக நாலு வரி. பாரிஸ்டர் படிக்க லண்டன் போனவர். அங்கே சாவர்க்கரோடு சேர்ந்து, போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிப் புதுச்சேரி வந்து, பாரதி இருந்த அதே ஊரில் பத்து வருஷம் போல வாழ்ந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். 'தேசபக்தன்' பத்திரிகைக் கட்டுரைக்காகச் சிறை போனபோது, உள்ளே உட்கார்ந்து கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். சும்மா சொல்லக் கூடாது, பெரிய மனுஷர். இந்தக் கதையில் அவரை வில்லனாக ஆக்கினால் கதையே புரியாமல் போய்விடும்.

1922 கடைசியில் கல்லிடைக்குறிச்சியில் அவர் ஒரு குருகுலம் தொடங்கினார். பிறகு அது சேரன்மாதேவிக்கு மாறியது. தாய்மொழியில் கல்வி, உடலுழைப்பு, தேசபக்தி. வெள்ளைக்காரன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றாகத் தமிழ்நாட்டில் ஒரு பள்ளி. அங்கிருந்தே 'பாலபாரதி' என்ற பத்திரிகையும் நடத்தினார். இதற்குப் பணம் கொடுத்தவர்கள் பலதரம். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாக ஒத்துக்கொண்டு முதலில் 5,000 கொடுத்தது. மலேயாத் தமிழர்கள் கொடுத்தார்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் கொடுத்தார்கள்.

இங்கே நம்ம ஊர்ச் சூழலையும் கொஞ்சம் சொல்லணும். காரைக்குடியில் 1917-ல் இந்து மதாபிமான சங்கம் தொடங்கியாயிற்று. 1919-ல் பாரதி அங்கே வந்து போனார். அதே பயணத்தில் கானாடுகாத்தானில் வை.சு. சண்முகம் செட்டியார் வீட்டில் தங்கினார். ராய. சொக்கலிங்கன், சொ. முருகப்பா போன்ற இளைஞர்கள் 'ஊழியன்', 'குமரன்' என்று இங்கேயே பத்திரிகை நடத்தினார்கள். தேசப் பணி, தமிழ்ப் பணி என்று யார் வந்து கேட்டாலும் பெட்டியைத் திறந்த காலம். ஆனால் செட்டிநாட்டில் பணம் கொடுப்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கோயிலுக்குப் புள்ளிவரி கொடுக்கிற வீட்டில் எவ்வளவு சின்னப் புள்ளியாக இருந்தாலும், கணக்கு என்னாச்சு என்று கேட்க உரிமை உண்டு. தர்மத்துக்குக் கொடுத்தது என்பதால் கேள்வி கேட்காமல் இருப்பது இங்கே பழக்கமில்லை. கொண்டுவிக்கப் போன கடையின் ஐந்தொகையை வரி வரியாகப் பார்த்து வளர்ந்தவர்கள், பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்ததை மட்டும் எப்படிப் பார்க்காமல் விடுவார்கள்?

விஷயம் ஒரு பையன் வழியாகத்தான் வெளியே வந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தான். பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்று வீட்டில் சொன்னான். தண்ணீர்ப் பானை தனி, பலகாரம் தனி, மற்றவர்களுக்குப் பழைய சோறு என்று திராவிட இயக்க நூல்களில் இந்தக் கதை இன்னும் நீளும். ஐயர் தரப்பில் சொன்னது வேறு: தனியே உண்பது இரண்டே இரண்டு பிள்ளைகள், மற்றவர்கள் எல்லாம் பொதுப்பந்திதான். ஒரே சமையலறையைப் பற்றி இவ்வளவு தூரம் விலகிப்போன இரண்டு கதைகள். பெற்றோர் நேரே உள்ளே வந்து பார்த்துக் கேட்க ஓர் இடம் இருந்திருந்தால், இந்த இடைவெளியில் பாதி குறைந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, ஐயர் சொன்னதையே எடுத்துக்கொள்வோம். இரண்டே பிள்ளைகள். ஏன்? கல்லிடைக்குறிச்சியில் சேர்த்தபோதே அவர்களுடைய பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், வாக்கு மாற முடியாது என்றார் ஐயர். இனிமேல் அப்படி நிபந்தனை போடுகிறவர்களைச் சேர்க்க மாட்டேன், படிப்படியாகச் சரியாகும் என்றார்.

நான் இந்தப் பதிலில்தான் ரொம்ப நேரம் நின்றேன். வாக்குத் தவறாமை நல்ல குணம்தான். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் என்றால் யார்? இரண்டு வீட்டாருக்குக் கொடுத்தது வாக்கு. மற்ற வீட்டாரிடம் 'இது தேசியப் பள்ளி, எல்லாப் பிள்ளையும் பாரத மாதாவின் பிள்ளை' என்று சொல்லிப் பணமும் பிள்ளையும் வாங்கினார்களே, அது வாக்கு இல்லையா? அந்த வாக்கை யாரும் எழுதி வாங்கிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். முதல் வகைப் பெற்றோர் வந்தபோது நிபந்தனை என்று கேட்டுக்கொண்டவர்கள், இரண்டாம் வகைப் பெற்றோர் வந்தபோது கலகம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டிச் செயலாளர் ஈ.வெ. ராமசாமி. 1924-ல்தான் வைக்கத்தில் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காக இரண்டு முறை ஜெயிலுக்குப் போய் வந்திருந்தார். அடுத்த சீமையில் தெருவுக்காகச் சிறை போய்விட்டு, சொந்த ஊரில் தன் கமிட்டிப் பணத்தில் தனிப்பந்தி நடந்தால் மனுஷன் எப்படிச் சும்மா இருப்பார்? மீதிப் பணத்தைத் தர முடியாது என்றார். வரதராஜுலு நாயுடு தன் 'தமிழ்நாடு' பத்திரிகையில் விடாமல் எழுதினார். கூட்டம் கூட்டமாகப் பேசினார். கோரிக்கை என்னவோ எளிமையானதுதான்: பொதுப்பணத்தில் நடக்கிற பள்ளியில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடணும்.

1925 மார்ச்சில் வைக்கம் விஷயமாகத் தெற்கே வந்த காந்தியிடம் பஞ்சாயத்துப் போனது. அந்த இரண்டு பிள்ளைகள் விஷயத்தில் கொடுத்த வாக்கு இருக்கட்டும், இனிமேல் அப்படி யாரையும் சேர்க்க வேண்டாம் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். வாக்கு காப்பாற்றப்பட்டது, பந்தி பிரிந்தே இருந்தது. ஏப்ரலில் திருச்சியில் கமிட்டி கூடியபோது, தேசிய வாழ்க்கையில் பங்கெடுக்கிற எந்த அமைப்பிலும் பிறப்பால் உயர்வு தாழ்வு பார்க்கக் கூடாது என்று எஸ். ராமநாதன் தீர்மானம் கொண்டுவந்தார். நிறைவேறியது. ராஜாஜி, டி.எஸ்.எஸ். ராஜன், கே. சந்தானம் முதலானோர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். சேர்ந்துண்ணுவதைக் கட்டாயத்தால் கொண்டுவர முடியாது, மனம் மாறி வரணும் என்பது அவர்கள் பக்கத்து வாதம். அதை நான் அடியோடு தள்ளிவிட மாட்டேன். ஆனால் மனம் மாறுவதற்குக் காத்திருக்கிற செலவை எப்போதும் ஒரு தரப்புப் பிள்ளைகளே கட்ட வேண்டியிருந்தது.

ஒரு சின்ன விலகல். காரைக்குடிக்காரனால் கம்பனை இழுக்காமல் இருக்க முடியாது. குகன் தேனும் மீனும் கொண்டுவந்து வைக்கிற இடம் இருக்கிறதே, அதில் இராமன் 'அன்போடு கொடுத்தால் எதுவும் தூய்மைதான், நாங்களும் உண்டது போலத்தான்' என்கிறான். 1939-ல் சா. கணேசன் கம்பன் கழகம் கண்டதிலிருந்து இந்த ஊரில் அந்த இடத்தைச் சொல்லிச் சொல்லி உருகாத பேச்சாளர் இல்லை. நானும் சின்ன வயதில் உருகியிருக்கிறேன். பிறகுதான் உறைத்தது: இராமன் உண்டது போல என்கிறானே தவிர, உண்ணவில்லை. கம்பனில் அவ்வளவு தோய்ந்த ஐயர் இந்த இடத்தை எத்தனை தடவை படித்திருப்பார்!

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூன் தொடக்கத்தில் பாபநாசம் அருவிப் பக்கம் போனபோது தண்ணீரில் விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றக் குதித்து அவரும் போய்விட்டார். வயது 44. மகளுக்காக உயிரை விட்ட தகப்பனிடமா இவ்வளவு கேள்வி கேட்கிறாய் என்று உங்களில் யாராவது நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் ஓமந்தூரில் இருந்தவரும் ஒரு தகப்பன்தானே. அதே வருஷம் நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு ஈ.வெ.ரா. காங்கிரஸை விட்டு வெளியேறினார். பாரதிக்கு வீடு கொடுத்த கானாடுகாத்தான் சண்முகம் செட்டியார் பிற்பாடு சுயமரியாதைக்காரராக நின்றார்.

பெற்றோர் கேட்பதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. தனிப்பந்தி கேட்ட அந்த இரண்டு வீட்டாரும் பெற்றோர்தான். 2023-ல் கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில், தலித் பெண் சமைத்த காலை உணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சொன்னவர்களும் பெற்றோர்தான். அங்கே ஆட்சியரே போய் அந்த உணவைச் சாப்பிட்டார். குரலின் சத்தத்தை வைத்தோ, கேட்டவர் யார் என்பதை வைத்தோ முடிவெடுக்கக் கூடாது. கேட்டது என்ன என்று பார்க்கணும். அதைப் பார்க்க முதலில் அது புத்தகத்தில் ஏறணும். சேரன்மாதேவியில் அப்படி ஒரு புத்தகம் கிடையாது. பத்திரிகையும் மேடையும்தான் இருந்தன. ஒரு சாப்பாட்டு விஷயம் கட்சியை உடைக்கிற அளவுக்குப் போனது அதனாலும்தான்.

ஓமந்தூர் ரெட்டியார் காங்கிரஸிலேயே இருந்தார். 1947-ல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அப்போதெல்லாம் முதலமைச்சரை அப்படித்தான் அழைப்பார்கள். அவர் ஆட்சியில்தான் கோயில் நுழைவுச் சட்டமும் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும் வந்தன.

இதையெல்லாம் எங்கள் தெரு அக்காவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஐயர் செத்த இடத்தில் "அடப் பாவமே" என்றார். பிறகு, அடுத்த கூட்டத்தில் கேட்கப்போவதை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். நகல் ஒன்று தன்னிடம் இருக்கட்டும், பெற்றுக்கொண்டதாக முத்திரை போட்டு வாங்கணும் என்றார். தண்ணீர்க் குழாய், மோட்டார், கதவுத் தாழ்ப்பாள் என்று மூன்று எழுதினேன். நாலாவதாக, போன மாதத் தீர்மானப் புத்தகத்தைக் காட்டணும் என்று அவரே சேர்த்துக்கொண்டார்.