அடுத்தவர் வளவில் வைத்த ஏடுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை யாழ்ப்பாணத்தில் தமிழ் நூலொன்று அச்சேற வேண்டுமாயின் மிஷனரிமாரின் அச்சுக்கூடங்களையே நாட வேண்டியிருந்தது. அமெரிக்க மிஷன் 1834இல் மானிப்பாயில் அச்சுக்கூடம் நிறுவியது. 1841இல் 'உதயதாரகை' வெளிவரத் தொடங்கியது. அச்சு என்ற புதிய தொழில்நுட்பத்தை எம்மவர் மத்தியில் பரப்பிய பெருமை மிஷனரிமாருக்கு உரியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், எது அச்சேற வேண்டும் என்பதை அச்சுப்பொறிக்கு உரியவர்களே தீர்மானித்தனர். சைவத்தைப் பரப்பும் நூல்களை அவர்கள் அச்சிட்டுத் தருவார்கள் என எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

இந்த நிலையை மாற்றியவர் நல்லூர் ஆறுமுக நாவலர். விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்ற அவர், மிஷன் பாடசாலையை விட்டு விலகி, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு சதாசிவப்பிள்ளையுடன் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் ஒன்றை வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். பெரியபுராண வசனமும் பாலபாடமும் போன்ற நூல்கள் இம்முயற்சியின் பயனாகவே மக்கள் கைகளைச் சென்றடைந்தன. மிஷனரிமாரிடம் கண்ட கருவியை நாவலர் வெறுத்து ஒதுக்கவில்லை. அதே கருவியைத் தமது சமூகத்தின் உடைமையாக்கிக்கொண்டார்.

அவரது வித்தியாசாலை பிடியரிசியால் வளர்ந்தது என்பர். அடுப்பேற்றும் பெண்கள் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைப்பர். வீடுவீடாகச் சென்று அதைத் தண்டிச் சேர்ப்பர். செல்வந்தர் ஒருவரின் பெருங்கொடையில் தங்கியிருக்கும் பணி அவருடைய மனம் மாறும்போது நின்றுவிடும். ஆயிரம் வீடுகளின் ஒரு பிடியில் நிற்கும் பணி அவ்வாறு இலகுவில் நின்றுபோவதில்லை.

யாழ்ப்பாணப் பொதுசன நூலகமும் இவ்வாறு சிறிதாகத் தொடங்கியதே. 1933இல் க. மு. செல்லப்பா தமது வீட்டில் ஆரம்பித்த சிறு நூற்சேகரம், ஊரவரின் ஆதரவோடு வளர்ந்து, 1959இல் சொந்தக் கட்டடத்தில் குடியேறியது. 1981 மே 31 நள்ளிரவை அண்டி அந்நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராகின. அக்கொடுமையைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அது விட்டுச்சென்ற பாடம் ஒன்றைப் பற்றிய பேச்சு மட்டும் குறைவு. சமூகத்தின் உடைமையாக இருந்தாலும், ஒரே கூரையின் கீழ் ஒரே பிரதியாக இருப்பது பாதுகாப்பன்று.

பின்னர் போர் வந்தது. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்த மக்களும் கையில் அகப்பட்டதை மட்டுமே எடுத்துச் சென்றனர். வீட்டு அலுமாரிகளில் இருந்த நூல்களும் பழைய பத்திரிகைகளும் குடும்ப ஆவணங்களும் கைவிடப்பட்டன.

புலம்பெயர்ந்த தமிழரின் கைகளில் கணினி வந்துசேர்ந்த காலமும் இதுவே. 1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று மதுரைத் திட்டம் ஆரம்பமாயிற்று. சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த வேதியியல் ஆய்வாளர் கு. கல்யாணசுந்தரம் இதனை முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதலான நூல்களைத் தட்டச்சுச் செய்து, பிழைதிருத்தி, எவரும் இலவசமாகப் பெறும் வகையில் வெளியிட்டனர். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது. அதன் ஆரம்பகாலப் பளுவைப் பெரிதும் சுமந்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். 2005இல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தும் நூலகத் திட்டம் தொடங்கியது. எரிந்த நூலகத்துக்குச் சமூகம் தானாகவே கூறிய பதில்களுள் இது முதன்மையானது எனலாம்.

ஆனால், எம்மவரின் எழுத்தில் பெரும்பகுதி இந்த வழியிற் செல்லவில்லை. பெருநிறுவனங்கள் இலவசமாகக் கொடுத்த இடத்துக்கே அது சென்றது. ஜியோசிற்றீஸ் என்ற சேவையில் எவரும் பணமின்றி இணையப் பக்கம் அமைக்கலாம் என்றிருந்தது. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர்களும் கவிஞர்களும் தமிழில் அங்கு பக்கங்களைத் திறந்தனர். 1999இல் அதை வாங்கிய யாகூ நிறுவனம், 2009 ஒக்ரோபர் 26ஆம் திகதி அதனை மூடியது. அமெரிக்காவில் தன்னார்வலர் குழுவொன்று இயன்றவரை பிரதிசெய்து காப்பாற்றியது. எஞ்சியவை போயின. அதே நிறுவனத்தின் குழுமங்களில் 'அகத்தியர்', 'மரத்தடி', 'ராயர் காப்பி கிளப்' எனத் தமிழர் நடத்திய உரையாடல்கள் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்தன. 2019இன் இறுதியில் குழுமங்களின் பழைய மடல்களை நீக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. 2020 டிசெம்பர் 15ஆம் திகதி சேவை முற்றாக நின்றது. கூகிள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது.

இதிற் சதியெதுவும் இல்லை. இலாபம் தராத சேவையை மூடுவது வர்த்தக நிறுவனத்தின் வழமை. அது கடையைப் பூட்டும்போது எமது ஏடுகளும் உள்ளே அகப்பட்டுக்கொள்கின்றன என்பதே பிரச்சினை. நாம் அங்கு வீட்டுக்காரராக இருக்கவில்லை. வாடகை கொடுக்காத குடியிருப்பாளராகவே இருந்தோம்.

சமூகம் நடத்துவது எல்லாம் நிலைக்கும் என்று கூறவும் முடியாது. தனியொருவர் கைப்பணத்தில் நடத்திய எத்தனையோ தமிழ்த் தளங்கள், அவர் களைத்தபோதோ காலமானபோதோ மறைந்தன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் எழுதி வைத்தவை இருந்தும் இல்லாதவை போலாயின. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே தெரியும். மதுரைத் திட்டம் தனது நூல்களைப் பழைய தமிழ்க் குறியீட்டு முறையிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றியதனாலேயே அவற்றை இன்றும் வாசிக்க முடிகிறது. நூலகத் திட்டம் பின்னர் நூலக நிறுவனமாகப் பதிவுபெற்றது. விக்கிப்பீடியாவை இயக்கும் அதே கட்டற்ற மென்பொருளிலேயே அதன் தளமும் இயங்குகிறது. தனிமனிதரைக் கடந்த அமைப்பு, எவரும் எடுத்து இயக்கக்கூடிய மென்பொருள், எங்கும் திறக்கக்கூடிய எழுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட பிரதி ஆகிய நான்கும் சேர்ந்தாலே ஒரு சேகரம் அதைத் தொடங்கியவரின் காலத்துக்குப் பின்னும் வாழும்.

இன்று எமது ஊர்களின் வரலாறு முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் எழுதப்படுகிறது. மரண அறிவித்தல்கள், கோயில் திருவிழாப் படங்கள், பாடசாலை விழா மலர்கள் எல்லாம் அங்கேதான். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். அன்று முதல் எடுக்கப்பட்ட படங்களும் காணொளிகளும் பெருமளவில் சமூக ஊடகங்களிலேயே பகிரப்பட்டு வந்துள்ளன. பதில் கிடைக்காமலே பெற்றோர் பலர் கண்மூடிவிட்டனர். அவர்கள் கூறிச்சென்ற சாட்சியம் ஒரு நிறுவனத்தின் கணக்கு விதிகளிலும் இலாப நட்டத்திலும் தங்கியிருப்பது எவ்வகையில் நியாயம்?

அத்தளங்களை விட்டு நாளையே எல்லோரும் வெளியேற வேண்டும் என்பது நடைமுறைக்கு ஒவ்வாத யோசனை. உறவினரும் வாசகரும் அங்குதான் இருக்கின்றனர். செய்தி சொல்ல அச்சந்தையைப் பயன்படுத்தலாம். ஏட்டை அங்கு விட்டுவரக் கூடாது. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ சிட்னியிலோ ஆண்டுதோறும் ஒன்றுகூடலுக்கு மண்டபம் எடுக்கும் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும், தமது மலர்களையும் படங்களையும் முதியோரின் குரற்பதிவுகளையும் தாமே பிரதிசெய்து வைத்திருக்க வேண்டும். ஒரு பிரதியைச் சங்கத்திலும் மற்றொன்றை எண்ணிம நூலகம் ஒன்றிலும் ஒப்படைக்கலாம். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற மூன்று விபரங்களை அதனுடன் எழுதி வைப்பது அவசியம். அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொரு வருடமும் குறைந்துகொண்டே வருகின்றனர்.