அம்மைப்பாலும் அன்னையர் மருந்தும்

குழந்தையின் அழுகையைத் தாயுள்ளம் பொறுப்பதில்லை. ஆயினும் குழந்தையின் உயிரைக் காக்கும் பொருட்டு, சிறு நோவொன்றுக்குத் தாயே உடன்பட வேண்டிய வேளையும் உண்டு. அத்தகைய வேளையொன்று, 1802ஆம் ஆண்டிலே திருகோணமலைத் துறைமுகத்திற்குக் கடல் கடந்து வந்தது.

வைசூரி ஊர்களை வெறுமையாக்கிய காலம் அது. 1796இல் எட்வர்ட் ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர், பசுவின் அம்மைப்பாலைச் சிறுவன் ஒருவனின் கையிற் செலுத்தி, வைசூரியைத் தடுக்கும் வழியைக் கண்டார். ஆனால் நெடுங்கடற் பயணத்தின் வெப்பத்தில் அம்மைப்பால் தன் வீரியத்தை இழந்துவிடும். ஆதலின் அது வியன்னாவிலிருந்து பாக்தாதுக்கும், பாஸ்ராவுக்கும், பின்னர் பம்பாய்க்கும் படிப்படியாகக் கொண்டுவரப்பட்டது. பம்பாயில் 1802 ஜூன் 14ஆம் நாள், ஆனா டஸ்தால் என்னும் மூன்று வயதுச் சிறுமிக்கு அது வெற்றியுடன் குத்தப்பட்டது. அங்கிருந்து பரவிய அம்மைப்பால் அவ்வாண்டிலேயே திருகோணமலையை அடைந்தது. இலங்கையில் அம்மைப்பால் குத்தும் பணியை, தோமஸ் கிறிஸ்தி என்னும் மருத்துவ அதிகாரி முன்னின்று நடத்தினார்.

அக்காலத்தில் மருந்தைக் குளிரில் வைத்துக் காக்கும் பெட்டி ஏது? குழந்தையின் கையே அம்மைப்பாலைத் தாங்கும் கலமாயிற்று. கத்தி முனையாற் கீறிய இடத்தில், ஏறக்குறைய எட்டாம் நாள் கொப்புளம் முதிரும். அதன் நீரை எடுத்தே அடுத்த குழந்தைக்குக் குத்துவர். எனவே குழந்தை இருமுறை அழ நேர்ந்தது. முதன்முறை தன் நலத்திற்காக; இரண்டாம் முறை பிறர் பிள்ளையின் நலத்திற்காக. அந்த எட்டாம் நாளில் தாய் மனம் பதறிப் பிள்ளையைக் கொண்டுவராதொழிந்தால் சங்கிலி அறுந்துபோகும். அம்மைப்பாலின் வாழ்வு, வைத்தியரின் கத்தியைக் காட்டிலும் தாயின் நம்பிக்கையையே சார்ந்து நின்றது.

பிள்ளையின் நோவைத் தணிக்கத் தமிழ்த் தாயர் கையில் வீட்டு மருந்துகள் பல இருந்தன. வசம்பைச் சுட்டு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவற்றோடு கல்லில் இழைத்துத் தாய்ப்பாலிற் குழைத்துக் கொடுப்பது உரைமருந்து. புண்ணுக்கு மஞ்சள்; அம்மை கண்ட உடலுக்கு வேப்பிலை. யாழ்ப்பாணத்து அரசர் காலத்து வைத்திய நூலாகிய பரராசசேகரம், பாலரோகத்திற்கெனத் தனிப்பகுதியே வகுத்துள்ளது. பிள்ளைப் பிணி தனியே ஆராயத்தக்கது என்பதை முன்னோர் உணர்ந்திருந்தனர்.

எனினும் இம்மருந்துகளின் எல்லையையும் அறிதல் வேண்டும். வேப்பிலையின் தண்மை மனத்தைத் தேற்றலாம். கத்தியின் நோவை அது மரக்கச் செய்யாது. கிராம்பெண்ணெய் சிறிது மரக்கச் செய்யும். ஆனால் பச்சிளங் குழந்தைக்கு அது தீங்கு பயக்கும். வசம்பும் அளவு மிஞ்சினால் நஞ்சாகும். இவை எல்லாவற்றினும் கொடியது அபின். பம்பாயிலும் இங்கிலாந்திலும் அழும் பிள்ளைக்கு அபின் கலந்த மருந்தைக் கொடுத்து உறங்கவைக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்தது. அழுகை அடங்கியது, சில வேளை மூச்சும் அடங்கியது. அழுகையை அடக்குவது வேறு. நோவைத் தணிப்பது வேறு.

கையிலிருந்து கைக்குச் சென்ற அச்சங்கிலி பிற்காலத்தில் கன்றுகளிடமிருந்து பெற்ற பாலுக்கு இடங்கொடுத்தது. 1980ஆம் ஆண்டு மே மாதத்தில், வைசூரி உலகிலிருந்தே ஒழிந்தது என உலக சுகாதார சபை அறிவித்தது. ஆயினும் வேறு நோய்களுக்கான தடுப்பூசிகள் இன்றும் குழந்தைகளை அழவைக்கின்றன. அவ்வழுகையைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறிய வழிகள் எளியவை: தாய் மடியில் வைத்து அணைத்துக்கொள்ளுதல், ஊசி போடும்போதும் அதற்குச் சற்று முன்னும் தாய்ப்பால் ஊட்டுதல்.

உரைமருந்தைக் குழைக்க எடுத்த அதே தாய்ப்பால்தான் இது. கல்லில் இழைத்த சரக்குகள் பலவற்றை இன்றைய மருத்துவம் விலக்கி வைத்தது. குழைத்த பாலை மட்டும் அது விலக்கவில்லை.