சவ்கராவிலிருந்து சைபர் பாலிசி வரை: பிறர் பொருளைக் காப்பவரின் பொறுப்பு

சாயமிடுவதற்காக வாங்கிய துணியைச் சாயக்காரர் தொலைத்துவிட்டால் இழப்பு யாரைச் சேரும்? இஸ்லாமியச் சட்டக்கலை தன் தொடக்க நூற்றாண்டுகளிலேயே விவாதித்த வினா இது. பாதுகாக்க ஒப்படைக்கப்பட்ட பொருள் அமானிதம். காப்பவர் வரம்பு மீறினாலோ அசட்டையாக இருந்தாலோ அன்றி ஈடு செய்யக் கடமைப்பட்டவரல்லர் என்பது பொது விதி. ஆயினும், கூலிக்குப் பலரிடமிருந்தும் பொருள் பெறும் கைவினைஞரை அலீ (ரலி) அவர்கள் இழப்புக்குப் பொறுப்பாக்கினார்கள் என அறிவிக்கப்படுகிறது. மக்களின் உடைமை வேறு வழியில் பாதுகாக்கப்படாது என்பதே அதற்குக் காரணம். இமாம் அபூ ஹனீஃபா அவர்கள் பொது விதியையே கொண்டார்கள். அவர்களின் மாணவர்களான அபூ யூசுஃபும் முஹம்மதும், தவிர்க்க இயலாத இழப்பு நீங்கலாக ஏனையவற்றுக்கு அவர் பொறுப்பாளியே என்றனர். தவிர்க்கக்கூடியது, தவிர்க்க இயலாதது என்னும் இப்பிரிவினை, நம் காலத்துச் சைபர் பொறுப்புக் காப்பீட்டை விளங்கிக்கொள்வதற்கும் துணைபுரிகிறது.

காப்பீட்டு ஒப்பந்தத்தை விரிவாக ஆராய்ந்த முற்கால முஸ்லிம் அறிஞர்களுள் திமிஷ்க் நகரின் ஹனஃபி சட்ட அறிஞர் இப்னு ஆபிதீன் (இறப்பு: 1836) குறிப்பிடத்தக்கவர். அவர் காலத்தில் வணிகர்கள் ஐரோப்பியரின் கப்பலை வாடகைக்கு அமர்த்தியதோடு, அந்நாட்டில் வாழும் இன்னொருவருக்குத் தனியாக ஒரு தொகை செலுத்திவந்தனர். சரக்கு தீயிலோ கடலிலோ கொள்ளையிலோ அழிந்தால் அவர் ஈடு தருவார். இதற்குச் 'சவ்கரா' என்று பெயர். அவருடைய முகவர்கள் சுல்தானின் அனுமதியுடன் துறைமுக நகரங்களில் தங்கியிருந்தனர். தம் 'ரத்துல் முஹ்தார்' நூலில் இதனை ஆராய்ந்த இப்னு ஆபிதீன், அந்த ஈட்டை இஸ்லாமிய ஆட்சிப்பகுதியில் செய்த ஒப்பந்தத்தின் பேரில் வணிகர் பெறுவது ஆகாது என்றார். கூலி பெற்றுப் பொருளைக் காப்பவர் பொறுப்பேற்பதுபோல இதையும் கொள்ளலாமே என்ற வாதத்தையும் அவரே எழுப்பி, சரக்கு சவ்கராக்காரரின் கையில் இல்லை, தவிர்க்க இயலாத அழிவுக்கு எவரும் பொறுப்பாளியுமல்லர் என விடையளித்தார்.

இன்று சாயக்காரரின் துணியிருந்த இடத்தில் தகவல் இருக்கிறது. நோயாளிகளின் குறிப்பைக் கணினியில் வைக்கும் சிறு மருத்துவமனையும், தொலைபேசி எண்களைச் சேர்க்கும் துணிக்கடையும் பிறர் அமானிதத்தைச் சுமப்பவையே. 2013ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் அங்காடி நிறுவனத்திடமிருந்து ஏறத்தாழ 4 கோடி வங்கி அட்டைகளின் விவரம் களவாடப்பட்டது. திருடர்கள் நுழைந்த வாயில், அந்நிறுவனத்துக்குக் குளிர்சாதனப் பணி செய்துவந்த ஒரு சிறு ஒப்பந்ததாரரின் கடவுச்சொல். பெரிய நிறுவனத்தின் இழப்புக்குச் சிறிய தொழிலகம் கதவாகலாம் என்பதை உலகம் அன்று கண்டது.

இத்தகைய பொறுப்புக்கான காப்பீட்டின் தொடக்கமாக, 1997இல் ஏஐஜி நிறுவனம் வழங்கிய இணையப் பாதுகாப்புப் பாலிசியைப் பொதுவாகக் குறிப்பிடுவர். தகவல் களவுபோனால் உரியவர்களுக்கு அறிவித்தாக வேண்டும் என்ற கலிபோர்னியச் சட்டம் 2003 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபின் அதன் தேவை பெருகிற்று. அறிவிக்கும் செலவு, வழக்குச் செலவு, தடயம் தேடும் வல்லுநர் கூலி, தொழில் முடங்கிய நாள்களின் வருவாய் இழப்பு ஆகியன படிப்படியாகப் பாலிசிக்குள் வந்தன.

அப்போதுதான் பழைய வினாக்கள் திரும்பின. 2017 ஜூனில் பரவிய நாட்பெட்யா என்னும் தீநிரலால் மெர்க் மருந்து நிறுவனம் ஏறத்தாழ 140 கோடி டாலர் இழப்பீடு கோரியது. அது சைபர் பாலிசி அன்று, சொத்துக் காப்பீடு. 'இது போர்ச் செயல், போருக்கு ஈடு இல்லை' என்று காப்பீட்டாளர்கள் மறுத்தனர். நியூ ஜெர்சி நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. 2023இல் மேல்முறையீட்டு மன்றமும் ஏற்கவில்லை. இதனிடையே, அரசுகளின் ஆதரவுடன் நடக்கும் தாக்குதல்களுக்கான விலக்கைத் தனிச் சைபர் பாலிசிகளில் 2023 மார்ச் 31 முதல் சேர்க்குமாறு லண்டன் லாயிட்ஸ் சந்தை பணித்தது. தவிர்க்க இயலாத பேரிழப்பை எவர் ஏற்பது என்ற வினாவே போர்விலக்கு வடிவில் மீண்டும் வந்தது.

மறுபக்கம் தவிர்க்கக்கூடிய இழப்பு. கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பும் உண்டு என விண்ணப்பத்தில் எழுதிக் கையொப்பமிட்டிருந்த இல்லினாய் மாநிலத்து மின்னணுத் தொழிலகம் ஒன்று, தாக்குதலுக்கு ஆளானது. அந்த ஏற்பாடு முழுமையாக இல்லை என்று 2022இல் காப்பீட்டாளர் வழக்குத் தொடுக்க, இரு தரப்பின் இசைவுடன் பாலிசியே செல்லாததாயிற்று. சிறு வணிகர் கருத்தில் கொள்ள வேண்டிய நிகழ்வு இது. விண்ணப்பத்தின் ஒவ்வொரு விடையும் ஒரு சாட்சியம்.

முஸ்லிம் உலகம் காப்பீட்டை முற்றாகத் தள்ளிவிடவில்லை. 1979இல் சூடானிலும் 1984இல் மலேசியாவிலும் தகாஃபுல் நிறுவனங்கள் தோன்றின. 1985இல் ஜித்தாவின் ஃபிக்ஹு மன்றம் நிலையான பிரீமியம் கொண்ட வணிகக் காப்பீட்டை விலக்கி, கூட்டுறவுக் காப்பீட்டைப் பரிந்துரைத்தது. ஆயின் எவ்வழியில் இழப்பைப் பகிர்ந்தாலும் முதல் வினா மாறுவதில்லை. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க வகைசெய்கிறது. காப்பவர் அசட்டையாக இருந்தாரா என்று நம் முன்னோர் கேட்டதையே அதுவும் கேட்கிறது. பாலிசி இழப்பின் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். அமானிதத்தைக் காக்கும் கடமையோ, அதை வாங்கி வைத்தவரிடமே நிற்கும்.